மலையாட்டின் தோல்

பிளம் ஜாம் கிளறும்போது கரண்டியைக் கீழே வைக்கக் கூடாது, அடிபிடித்துவிடும். அதனால்தான் கர்ட்டிஸின் முதல் செய்தியை நான் உடனே பார்க்கவில்லை. அந்தத் தாமதம் ஒன்றுதான் தற்செயல். மற்றதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன். கேட்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன் ஷெரீப்.

என் கணவர் கர்ட்டிஸ் வருஷா வருஷம் மான் வேட்டைக்கு மலைக்குள் தனியாகப் போவார். குதிரை கிடையாது, துணைக்கு ஆள் கிடையாது. முதுகில் கூடாரம், தோளில் துப்பாக்கி. மொண்டானாவில் இதெல்லாம் அதிசயமில்லை, உங்களுக்கே தெரியும்.

போன வருஷம் மட்டும் துணையோடு போனார். வெள்ளை மலையாடு சுட அவருக்குக் குலுக்கலில் அனுமதி விழுந்திருந்தது. ஆயுளில் ஒருமுறை கிடைத்தாலே பெரிய விஷயம். சுமை தூக்க என் தம்பி லைல் கூடப் போனான். ஆட்டைச் சுட்ட பிறகு பாறைச் சரிவில் விழுந்து அவனுக்கு இடுப்பு உடைந்தது. கர்ட்டிஸ் ஒரே ஓட்டமாக இறங்கி வந்து உங்களிடம் தகவல் சொன்னார். மீட்புக் குழு போய்ச் சேர்வதற்குள் லைல் ராத்திரிக் குளிரில் போய்விட்டான்.

சவ அடக்கத்தில் கர்ட்டிஸ் என் தோளில் சாய்ந்து அழுதார். நான்தான் தேற்றினேன். இவருக்கும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்று, செல்போன் எடுக்காத இடத்திலிருந்தும் என் போனுக்குச் செய்தி அனுப்புகிற சின்னச் செயற்கைக்கோள் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அக்கறையோடுதான் கொடுத்தேன்.

இந்த ஆகஸ்டில் மளிகைக் கடையில் வெர்னாவைப் பார்த்தேன். வேட்டைக்காரர்களுக்கு மிருகத் தலைகளைப் பாடம் செய்து கொடுப்பவள்.

"ஆட்டுத் தலை ரெடிடி. உன் வீட்டுக்காரர வந்து எடுத்துக்கச் சொல்லு. என்னா தோலு, ஒரு முடி உதிரல. மலைய விட்டு எறங்கினதும் நேரா எங்கிட்ட கொண்டாந்தாரே, அதான். அன்னிக்கு வெயிலு வேற. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா தோல் கெட்டுப்போயிருக்கும்."

"லைல் எங்கேன்னு நீ கேக்கலயா?"

"கேட்டேனே. பின்னாடி வர்றான்னாரு. சாவகாசமா உக்காந்து காபி குடிச்சாரு." வெர்னா கொஞ்சம் யோசித்தாள். "தலைய இங்க வச்சுட்டுக் கறி எடுக்க மறுபடி போனப்பதானே அவன் விழுந்தான்?"

"ஆமா, அப்பதான்," என்றேன். கர்ட்டிஸ் மறுபடி மலைக்குப் போகவேயில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நான் எதுவும் கேட்கவில்லை. கர்ட்டிஸ் தலையைக் கூடத்துச் சுவரில் மாட்டினார். நேராக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

இந்த வருஷ வேட்டையில் அவர் விழுந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவராக வழுக்கி விழுந்தார். ஜாம் கிளறும்போது வந்த முதல் செய்தி இதுதான்:

"கால் முறிஞ்சிருச்சு. ஓடைப் பள்ளத்துல கெடக்கேன். நகர முடியல. ஷெரீப்புக்குச் சொல்லு."

ஜாமை இறக்கி வைத்துவிட்டுப் பதில் போட்டேன். "சொல்லிட்டேன். கிளம்பிட்டாங்க. அசையாம இருங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை.

"கருவியில ஆபத்து பட்டன் இருக்கே, அதையும் அமுக்கட்டுமா?"

"வேணாம். உங்க இடம் அவங்களுக்குத் தெரியும். ரெண்டு தகவல் போனா குழம்பிடுவாங்க. பேட்டரிய மிச்சம் பண்ணுங்க."

அமுக்கவில்லை. நான் சொன்னால் கேட்கிற மனுஷர்.

மறுநாள் காலையில் பனி கொட்டியது. ஹெலிகாப்டர் சத்தமே இல்லையே என்று கேட்டார். மேகமாக இருக்கிறது, கலைந்ததும் கிளம்பிவிடும் என்று போட்டேன். மேகம் பொய்யில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆர்வில் வந்தார். உங்கள் மீட்புக் குழுவில் இருக்கிறாரே, அவர்தான்.

"என்னம்மா, உன் ஆளு இன்னும் எறங்கலயா? பனியாக் கெடக்கு. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரட்டுமா? என் கோவேறு கழுதைங்க ரெண்டும் தின்னு கொழுத்துச் சும்மா நிக்குது, என்னய மாதிரியே."

"வேணாம் ஆர்வில். பெரிய கலைமானா அடிச்சுட்டாராம். வெட்டிக்கிட்டு இருக்காராம்."

"மச்சக்காரன்," என்று சிரித்தார். ஒரு ஜாடி ஜாம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு கர்ட்டிஸிடம் கேட்டேன். "லைல விட்டுட்டு வரும்போது அவன் என்ன சொன்னான்?"

பதில் வந்தது.

"தலைய இங்கயே போட்டுட்டுப் போ மச்சான், வெயிட்டு, சீக்கிரம் எறங்கலாம்னான். நான் கேக்கல. தூக்கிட்டு வந்துட்டேன். கேட்டிருக்கணும், நேடின்."

அதை இரண்டு தடவை படித்தேன். ஆர்விலின் வண்டி அவர் வீட்டு வாசலில்தான் நின்றது. சமையலறையிலிருந்து பார்த்தாலே தெரியும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

"சரி. தூங்கிடாதீங்க. வந்துக்கிட்டே இருக்காங்க," என்று போட்டேன்.

அதற்கப்புறமும் நிறையக் கேட்டார். எவ்வளவு தூரத்தில் வருகிறார்கள், எத்தனை பேர், சூடாக ஏதாவது கொண்டுவருகிறார்களா. சூப் கொண்டுவருகிறார்கள் என்று சொன்னேன். போகப் போக எழுத்துகள் தப்பும் தவறுமாக வர ஆரம்பித்தன. குளிர் ஏறிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு அதில் தகராறு இல்லை. ஆனால் உங்கள் ஆட்கள் என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை. என் தம்பி கத்திக் கூப்பிட்டபோது பதில் சொல்ல அந்த மலையில் ஒருவரும் இல்லை. இவரை நான் அப்படி விடவில்லை. கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுத்தேன். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. போன் உங்களிடம்தானே இருக்கிறது, கடைசிச் செய்தியைப் படித்துப் பாருங்கள். "கூடவே இருந்தே. தேங்க்ஸ் நேடின்." கெடுதல் செய்தவளுக்கு யாராவது நன்றி சொல்வார்களா?