லோரி பந்திங் தாண்டிருச்சு

கிள்ளானில் பஸ் ஏறியதும் தூங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். முன்சீட்டுக்காரர் விடவில்லை. மனைவியிடம் சொன்னார்:

“கொஞ்சம் கூடக் கொடுத்தா, நமக்காக அந்தப் பொண்ணே பொய் சொல்லுமாம்.”

அவர் கையில் ஒரு விளம்பரத்தாள். வீட்டிலிருந்தே நடத்தும் லோரி கம்பெனிக்கு இனி வரும் போன்களையெல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் ஆபீஸில் ஒரு பெண் எடுத்துப் பேசுவாளாம்.

“மொத பேக்கேஜ்ல, யாரு கூப்பிட்டாங்கன்னு எழுதி மட்டும் வைப்பாங்க. ரெண்டாவதுல, நம்ம கம்பெனி பேரச் சொல்லிப் பேசுவாங்க. மூணாவது எடுத்தா, ‘லோரி பந்திங் தாண்டிருச்சு’ன்னு அவங்களே கஸ்டமர்கிட்ட சொல்லிருவாங்க லா.”

“அதத்தான பத்து வருசமா நான் சொல்லிக்கிட்டு இருக்கேன்?”

“நீ சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீ பேசறப்பதான் வாசல்ல நான் லோரிய ஸ்டார்ட் பண்றேன். அந்தச் சத்தம் அவங்களுக்குக் கேக்குது.”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்துமலை முருகனே வந்து கூப்பிட்டாலும் திரும்பமாட்டார் போலிருந்தது. ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

“காலையில ஆறு மணிக்கு எழுந்து லோரிய எடுங்க. மொத பேக்கேஜே போதும்.”

அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒருமுறை நிதானமாகப் படித்தார்.

“எழுப்பி விடுற பேக்கேஜ் இதுல இல்லையே.”