கறுவலின் வலப்பக்கம்

நான் குடியிருந்த மல்கிரேவிலிருந்து குதிரைப் பண்ணைக்கு ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும். ஆறு மணிக்கு முன் வீட்டை விட்டால் ஐம்பது நிமிடம் போதும். நான்கு வருடமாக ஆறு மணிக்கு முன்தான் புறப்பட்டேன். அதனால் இப்போதும் விடியுமுன் விழிப்பு வந்துவிடுகிறது. இங்கே அதற்கு வேலை இல்லை.

வழக்குக்காக நடந்ததை முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள். பேசுவதைவிட எனக்கு அது சுலபம்.

மலைகளில் பிடிபடும் காட்டுக் குதிரைகளை லொறியில் கொண்டுவந்து எங்களிடம் இறக்குவார்கள். இந்த நாட்டில் அவற்றுக்குப் புரும்பி என்று பெயர். அவற்றைப் பழக்கி, வளர்க்க விரும்புகிறவர்களிடம் ஒப்படைப்பது எங்கள் வேலை. வீடு கிடைக்காதவை கொல்லப்படும். வீட்டுக்குப் போய் இரண்டு முறை திரும்பி வந்தவையும் அப்படித்தான். அந்த விதியை நான் எழுதவில்லை.

நான் விலங்கறிவியல் படித்தவள். பழக்குவதும், பழகிவிட்டதா என்று சரிபார்க்கும் தேர்வுப் படிவத்தை நிரப்புவதும் என் பொறுப்பு. வட்டத் தொழுவத்தின் நடுவில் நின்று ஓர் அடி முன்னே வைக்க வேண்டும். குதிரை மிரண்டால் அசையாமல் நிற்க வேண்டும். அது ஒரு காதை நம் பக்கம் திருப்பினால் பின்வாங்க வேண்டும். பத்தாம் நாள் அளவில் அதுவாகவே வந்து உள்ளங்கையில் மூச்சு விடும். மனிதரின் கண்ணைப் பார்த்துப் பேச எனக்கு வராது. அந்த மூச்சுக்காகத்தான் அங்கே வேலை செய்தேன்.

குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. இடப்பக்கம் நின்று பழக்கியதை வலப்பக்கமும் நின்று முதலிலிருந்து பழக்க வேண்டும். ஆனால் கயிறு பூட்டுவது, நடத்திச் செல்வது, சேணம் போடுவது எல்லாமே வழக்கமாக இடப்பக்கத்திலிருந்துதான். நான் இடப்பக்கத்தை மட்டும் பழக்கினேன். வலப்பக்கத்தை விட்டுவிட்டேன். எந்தப் பக்கம் என்ற கேள்வி படிவத்தில் இல்லை. நான் அதில் எழுதிய எதுவும் பொய் இல்லை.

குதிரைகள் திரும்பி வந்தன. லொறியை விட்டு இறங்கியதும் நேரே என்னிடம் வரும். என்னைத் தேடித்தான் வந்தன என்று நினைத்துக்கொள்வேன். மொத்தம் ஏழு. அவற்றில் ஐந்து இரண்டாம் முறையும் வந்தன. ஊசி போடும்போது அந்த ஐந்தின் தலையையும் நான்தான் பிடித்துக்கொண்டேன், இடப்பக்கம் நின்று. ஒன்றுகூட மிரளவில்லை. எனக்கு நல்ல கை என்று மிருக வைத்தியர் சொன்னார்.

அந்த ஏழில் ஒன்றான கறுவல் போன மாசியில் முதல்முறை திரும்பி வந்தது. அதை எடுத்துப் போயிருந்த சந்திரகலா, வாசல் படலையடியில் நின்று அழுதார். “நல்லாத்தாங்க இருந்துச்சு. நேத்து எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கமா போனாரு, அவ்வளவுதான். எகிறி இடிச்சதுல அவருக்குத் தோள்பட்டை எறங்கிப்போச்சு.”

நான் கறுவலின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். மகிழ்ச்சியாக இருந்தது.

வைதேகி அக்காவைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். மருத்துவமனையில் தாதி. சனிக்கிழமைகளில் பண்ணைக்கு உதவிக்கு வருவார். வாய் ஓயாது. “தர்ஷி, நீ குதிரையோட மட்டும்தான் கதைப்பியோ? எனக்கும் வாய்க்குள்ள வைக்கோல் வைச்சாத்தான் கதைப்பியோ?” என்பார்.

ஒரு சனிக்கிழமை தண்ணீர் வாளியோடு கறுவலின் வலப்பக்கமாக வந்தார். அது எகிறி வேலியில் மோதியது. அவர் கத்தவில்லை. வாளியை வைத்துவிட்டு இடப்பக்கம் போய்ப் பார்த்தார். திரும்ப வலப்பக்கம் வந்தார்.

“இஞ்ச பாரடி. அந்தப் பக்கம் பூனைக்குட்டி, இந்தப் பக்கம் புலி. ஒருத்தரும் இதைக் கவனிக்கேல்லையே?”

“நான் கவனிக்கேல்லை அக்கா.”

“நீயோ? ஒரு உண்ணி கடிச்சாலும் உனக்குத்தானே முதல்ல தெரியும்,” என்று சிரித்தார். சந்தேகப்படவில்லை. அவருக்கு அது வராது.

தோட்டக் கையுறை ஒன்றில் வைக்கோலைத் திணித்து, நீண்ட தடியின் நுனியில் கட்டினார். எட்ட நின்றபடி அதனால் கறுவலின் வலத்தோளைத் தடவினார். பிறகு முதுகை, தொடையை. ஐந்தாவது சனிக்கிழமை தடி தேவைப்படவில்லை. வெறும் கையை வைத்தார். கறுவல் தலையைத் தாழ்த்தி நின்றது. என்னிடம் அது அப்படி நிற்கப் பத்து நாள் எடுத்தது. அவர் அன்றே சந்திரகலாவுக்குத் தொலைபேசியில் சொன்னார்: “வாற சனி வந்து கூட்டிக்கொண்டு போங்கோ. இந்த முறை திரும்பி வராது, நான் எழுதித் தாறன்.”

அந்த வசனம் எனக்கு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

வலப்பக்கத்தை விட்டுவிட்டேன் என்று மேலே எழுதினேன். கறுவல் விடயத்தில் அது சரியில்லை. அந்தத் தடியும் கையுறையும் கொட்டிலில் இருந்தன. திங்கள் முதல் வெள்ளி வரை அவற்றை எடுத்து வலப்பக்கம் போனேன். முதலில் தடவுவேன், பிறகு அடிப்பேன். காயம் வராத அளவுக்கு. கோபம் இருக்கவில்லை. காலையில் பன்னிரண்டு அடி, மாலையில் பன்னிரண்டு. ஐந்து வாரம் கட்டியதை அவிழ்க்க ஐந்து நாள் போதும். பிறகு இடப்பக்கம் வந்து ஆறுதல் சொல்வேன். அது என் தோளில் முகம் வைத்துக்கொள்ளும்.

இன்னொரு முறை திரும்பி வந்தால் அதைக் கொல்வார்கள் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் வரும்.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சந்திரகலா வருவதாக இருந்தது. ஒன்பதரைக்குக் கறுவலை வேலியோரமாக நிறுத்தி, இடப்பக்கம் நின்று கயிற்றைப் பிடித்திருந்தேன். வைதேகி அக்கா சிவப்பு நாடாவோடு வந்தார்.

“மாப்பிள்ளையை வெறுங்கழுத்தோட அனுப்பேலாது. பிடரியில கட்டிவிடுவம்.” வால்பக்கத்தைச் சுற்றி வந்தவர் நின்று கேட்டார். “அங்கால, வலப்பக்கம் போகட்டோ? ஆள் இண்டைக்கு ஒரு மாதிரி நிக்கிறார்.”

கறுவலின் காதுகள் பின்னால் படிந்திருந்தன. வால் இறுகியிருந்தது. வலப் பின்கால் பாரத்தை விட்டுவிட்டது. இவற்றைப் படிக்கத்தான் எனக்குப் பட்டம் தந்தார்கள். நான்கு விநாடி இருக்கும். வேண்டாம் என்று சொல்ல ஒரு விநாடி போதும்.

“ஓம் அக்கா, போங்கோ,” என்றேன்.

வேலிக்கும் குதிரைக்கும் நடுவில் அவர் ஒதுங்க இடம் இருக்கவில்லை. அந்த இடத்தில் நிறுத்தியவள் நான். இரண்டு உதை. இரண்டாவது தேவைப்பட்டிருக்காது.

விபத்து என்று பொலிசாரிடம் சொன்னதையே அன்று என் வழக்கறிஞரான உங்களிடமும் சொன்னேன். விபத்து அல்ல. வைதேகி அக்காவை நான்தான் கொன்றேன்.

கறுவலுக்கு வியாழக்கிழமை ஊசி போடுகிறார்களாம். அந்த நேரத்தில் மட்டும் என்னை அங்கே கூட்டிப் போக முடியுமா என்று சிறை அதிகாரிகளிடம் கேட்டுப் பாருங்கள். இடப்பக்கம் நின்று தலையைப் பிடித்துக்கொள்கிறேன். வேறு யாராவது பிடித்தால் அது பயப்படும். அதை ஒருவர் பயப்படுத்துவதை என்னால் தாங்க முடியாது.