ரயில்வே கேட்டில் ரெண்டு முதலாளிகள்

சாம்சன்: பாக்காத மாதிரி போயிரலாம்னு நெனைக்கியா ஐயாதுரை? கேட் அடைச்சிருக்கு. பறந்தாத்தான் உண்டு.

ஐயாதுரை: பைக்க அந்தப் பக்கம் விட்டுட்டு டீ குடிக்க வந்தேன்லே. ஒம் மூஞ்சியப் பாக்கவா வந்தேன்? ராஜபாளையத்த விட்டு எங்க கெளம்பிட்ட?

சாம்சன்: செண்பகத்தோப்புக்கு. மாந்தோப்பு ஒண்ணு வெலைக்கு வருதாம். நீ?

ஐயாதுரை: சோழபுரத்துல... வயல் பாக்க.

சாம்சன்: ஒம் மக ஜாஸ்மின் சரியா சாப்பிட மாட்டேங்காளாமே?

ஐயாதுரை: ஒம் மவன் ஆல்வின் மட்டும் விருந்தா சாப்பிடுதான்? கட்டுனா அவளத்தான்னு நிக்கானாம்ல.

சாம்சன்: நடக்காதுன்னுட்டேன்.

ஐயாதுரை: நானுந்தான்! இருவது வருசப் பகை, சும்மாவா?

சாம்சன்: பகைய ஆரம்பிச்சது யாரு? ஒரே வார்ப்படப் பட்டறையில ஒண்ணா மில்லுக்கு இரும்பு ஸ்பேர் வார்த்துக்கிட்டு இருந்தோம். கூட்ஸ் வண்டிக்குச் சாமான் செய்ய ஆர்டர் வந்துச்சு. நான் கப்ளர் செய்வோம்னேன்...

ஐயாதுரை: பெட்டியோட பெட்டியக் கோக்குற கொக்கி! அறுந்தா யாருலே பதில் சொல்லுறது? பிரேக் கட்டை போதும்னேன். தப்பா?

சாம்சன்: அதுக்காக ஷெட்டுக்கு நடுவுல சுவரா? உலை எம் பக்கம், அச்சு மணலு ஒம் பக்கம்!

ஐயாதுரை: வெறும் உலைய வச்சு என்னத்த வார்ப்ப? மறுவாரமே சுவத்த இடிச்சு வாசல் வச்சோம்.

சாம்சன்: உருக்குன இரும்பு அங்க போவும், மணலு இங்க வரும். மொதலாளிக மட்டும் அந்த வாசல்ல கால் வைக்க மாட்டோம்!

ஐயாதுரை: ஹஹ்ஹா... நம்ம வேலையாளு பால்சாமி சம்பளத்தன்னைக்கு ரெண்டு பக்கமும் கும்பிடு போடுவான்!

சாம்சன்: பொறவு நீ ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயி தனியா ஆலை போட்டுட்ட... ஏலே, கூட்ஸ் வருது! அம்புட்டுப் பெட்டியையும் இழுக்கது எங் கப்ளராக்கும்.

ஐயாதுரை: நிறுத்துறது எம் பிரேக்கு. ஒரே பெட்டியில ரெண்டும் ஒத்துமையாத்தான் ஓடுது. நமக்குத்தான்...

சாம்சன்: என்ன முழுங்குத? சொல்லு.

ஐயாதுரை: செத்த இரு, வீட்டுல இருந்து போன். ஹலோ பொன்மணி... ரயில் சத்தத்துல கேக்கல. ஸ்பீக்கர்ல போடுதேன், சொல்லு!

பொன்மணி: ஆல்வின் வீட்டுக்குப் போயிச் சேந்தாச்சா? வீம்பு பாத்துக்கிட்டு வாசல்லயே நிக்காதிய. எம் பொண்ண எடுத்துக்கோன்னு நேராக் கேட்டுருங்க. சாம்சன் அண்ணன் என்ன சொல்லுதாவ?

ஐயாதுரை: ஏட்டி... கெடுத்தியே!

சாம்சன்: தங்கச்சி, சாம்சன்தான் பேசுதேன். மொதல்ல போயி வாசக்கதவத் தொறம்மா. எம் பொஞ்சாதி பரிபூரணம் பூவும் பழமுமா, பொண்ணு கேட்டு கார்ல எனக்கு முன்னாடியே அங்க வந்துட்டா!