நாலாவது குரல்

படகுப் போட்டி என்றதும் எல்லோரும் துடுப்புப் போடுவதைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் கொஞ்ச நேரம்தான், மேடம். மீதி நேரம் முழுக்கச் சுமை தூக்குகிற வேலை. கொட்டகையிலிருந்து படகைத் தூக்க வேண்டும், டிரெய்லரில் ஏற்றிக் கட்ட வேண்டும், போட்டி நடக்கிற ஏரியில் இறக்க வேண்டும், துடுப்பைத் தாங்குகிற, கழற்றிவைத்த இரும்புக் கம்பிகளை ஸ்பேனர் போட்டு மறுபடி முடுக்க வேண்டும். சாயங்காலம் இதையே திரும்பவும் பின்னாலிருந்து முன்னால் செய்ய வேண்டும். கோடை முழுக்க வாரக் கடைசி இப்படித்தான் போகும். எங்கள் கிளப்பில் அந்த வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும்.

போட்டியில் பாதுகாப்புக்கு மோட்டார் படகு ஓட்டுகிறவரை நீங்கள் மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் வந்தேன். கிளப்பில் அவருக்கு டீசல் என்று பெயர். என்ன சோப்புப் போட்டாலும் அந்த வாசனை அவரை விட்டுப் போகாது. என் தம்பி கவிழ்ந்த படகுக்கு அடியில், கால் இரண்டும் ஷூவுக்குள் மாட்டியபடி இறந்து கிடந்தான். டீசலோ நான்கு குரலும் கேட்டதாகச் சத்தியம் செய்கிறார். தண்ணீருக்கு அடியில் இருந்தவன் எப்படிக் குரல் கொடுப்பான் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் டீசல் பொய் சொல்லவில்லை. அவருக்கு நான்கு குரலும் கேட்டது. நாலாவது குரல் என்னுடையது.

உடனே எழுதிக்கொள்ள வேண்டாம், மேடம். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

படகு கவிழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவார்கள். கரையை நோக்கி நீந்தக் கூடாது. கவிழ்ந்த படகையே பிடித்துக்கொண்டு, ஒன்றாம் இருக்கையிலிருந்து ஆரம்பித்து அவரவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். எண் எல்லாம் வந்துவிட்டால் ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் படகில் நான்கு பேர். ஒன்று, பல் டாக்டர். இரண்டு, கணக்கு வாத்தியார். மூன்று நான். நான்கு என் தம்பி. துடுப்புப் போடுகிறவர்கள் படகு போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவோம். அதனால் நாலாவது ஆள்தான் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருப்பான், அவன் போடுகிற வேகத்துக்குத்தான் மற்றவர்கள் ஓட வேண்டும். பல கோடைகளாக நான் பார்த்துக்கொண்டிருந்தது என் தம்பியின் முதுகைத்தான். அதில் எங்கெங்கே மச்சம் இருக்கிறது என்று அவன் மனைவியைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரல். போனை எடுத்தால் அம்மாவே தடுமாறுவாள். அவன் எனக்கு ஒரு வயது இளையவன். அப்பா எங்கள் இருவரையும் ஒரே வருடம், ஒரே வகுப்பில் சேர்த்தார். பெரியவன் சின்னவனைப் பார்த்துக்கொள்வான் என்பதுதான் காரணம். பார்த்துக்கொண்டேன். வருகைப் பதிவு எடுக்கும்போது தம்பி மைதானத்தில் இருப்பான். என் பெயருக்கு ஓர் 'உள்ளேன் ஐயா', அவன் பெயருக்குத் தலையைக் குனிந்துகொண்டு இன்னோர் 'உள்ளேன் ஐயா'. ஆசிரியர் ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை. அவனுடைய காதலியின் அப்பாவிடம்கூட நான்தான் போனில் பேசினேன். மிகவும் பொறுப்பான பையன் என்று அவர் சொன்னாராம்.

கிளப்பிலும் அதே கதைதான். படகு கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் தயாரா என்று பார்க்க அங்கேயும் எண் சொல்ல வேண்டும். தம்பி அந்த நேரத்தில் கரையில் நிற்கிற யாரிடமாவது சிரித்துப் பேசிக்கொண்டிருப்பான். நான் "மூணு" என்பேன், ஒரு நொடி பார்ப்பேன், பிறகு "நாலு" என்றும் நானே சொல்லிவிடுவேன். வாத்தியார் சிரிப்பார். "ரெண்டு டிக்கெட்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கு" என்பார். அப்படியே பழகிவிட்டது. பழக்க தோஷம் என்று சொல்வார்களே, அதுதான் அன்றைக்கும் நடந்தது என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் கெட்டவன் இல்லை, மேடம். அதை எழுதிக்கொள்ளுங்கள். கொட்டகைக்குள் அவன் வந்தால் விளக்குப் போட்டது போல இருக்கும். ஜெயித்தால் பதக்கத்தைக் கழற்றி என் கழுத்தில்தான் போடுவான். அதற்குப் பிறகு ஈரத் துண்டையும் என் தோளிலேயே போட்டுவிட்டுப் போவான். படகு கழுவ வேண்டும், டிரெய்லர் ஓட்ட வேண்டும், புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று யார் கேட்டாலும் முதலில் கையைத் தூக்குகிறவன் அவன்தான். தூக்கிவிட்டுச் சொல்வான்: "கவலையை விடுங்க, அண்ணன் பாத்துக்குவான்."

என் மனைவி அதிகம் பேச மாட்டாள். போன கோடையில் ஒரு நாள் என் கையில் இருந்த கொப்புளங்களுக்கு மருந்து போட்டுக்கொண்டே கேட்டாள். "நீங்க அவருக்கு அண்ணனா, எடுபிடியா?"

"இந்த சீசனோட சரி," என்றேன்.

"போன சீசனும் இதைத்தான் சொன்னீங்க."

"இந்தத் தடவை நிஜமா."

எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும். அவ்வளவுதான். கோடை முழுக்க ஒவ்வொரு போட்டிக்கும் அதை நினைத்துக்கொண்டுதான் டிரெய்லர் ஓட்டினேன். கடைசிப் போட்டி வந்தபோது எனக்குப் பள்ளிக்கூடம் விடுகிற மாதிரி இருந்தது.

அன்று காலை படகை இறக்கிக்கொண்டிருந்தேன். தம்பி வந்து என் தோளில் கை போட்டான்.

"அண்ணா, ஒரு நல்ல சேதி. அடுத்த வருஷம் போட்டி நம்ம கிளப்லதான். மொத்தப் பொறுப்பும் நமக்கு. கமிட்டில உன் பேரக் குடுத்துட்டேன்."

"என்னைக் கேக்கலையே," என்றேன்.

"உன்னை எதுக்குக் கேக்கணும்? கேட்டா மாட்டேன்னா சொல்லப்போற?" சிரித்தான். "மூஞ்சியை இப்படி வச்சுக்காத. ஒரு வருஷம்தானே. ஆ, சொல்ல மறந்துட்டேன், என் ஷூவுல கயிறு அறுந்திருக்கு, பாத்துக்கோ." போய்விட்டான்.

அந்தக் கயிற்றைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஷூக்கள் படகோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். குதிகால் பக்கம் ஒரு சின்னக் கயிறு ஷூவைப் பலகையோடு பிடித்திருக்கும். படகு கவிழும்போது காலை இழுத்தால் ஷூ அங்கேயே நின்றுவிடும், கால் மட்டும் கழன்று வெளியே வரும். கயிறு இல்லையென்றால் ஷூவும் காலோடு சேர்ந்து வளையும், கால் வராது. தம்பி ஷூப் பட்டையை இறுக்கிக் கட்டுகிறவன் வேறு. என் சட்டைப் பையில் புதுக் கயிறு இருந்தது. எப்போதும் இருக்கும். இதோ, இதுதான். வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டிக்கு முன்னால் படகுகளைச் சோதிக்க ஓர் அம்மா வருவார். ஒவ்வொரு ஷூவின் குதிகாலையும் கட்டைவிரலால் தூக்கிப் பார்ப்பார். எங்கள் படகில் மூன்று ஜோடியைப் பார்த்தார். நாலாவது ஜோடியின் மேல் தம்பியின் துண்டு கிடந்தது.

"இதுவும் கட்டியாச்சா?" என்றார்.

"கட்டியாச்சும்மா. நான்தான் எப்பவும் கட்டுறது."

"அப்ப சரி," என்று அடுத்த படகுக்குப் போய்விட்டார். என் வார்த்தைக்கு அந்த ஏரிக்கரையில் அவ்வளவு மதிப்பு இருந்தது.

பிறகு கட்ட மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் தூங்கும்போதுகூட நட்டு முடுக்குகிற ஆள் நான். மறக்கவில்லை. ஒரு நாளாவது அவன் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். இதில் கொலை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். காற்று வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பாதித் தூரம் போயிருந்தோம். ஏரியின் அந்தக் கரையில் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்காற்று. முதலில் பக்கத்துத் தடத்தில் வந்த பெண்கள் அணியின் படகு சாய்ந்தது. அதைப் பார்த்து முடிப்பதற்குள் நாங்களும் தண்ணீருக்குள் இருந்தோம். என் கால்கள் உடனே கழன்றுவிட்டன. மேலே வந்து படகின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் அந்த முனையில் தொங்கிக்கொண்டிருந்தார். வாத்தியார் தண்ணீரைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டிருந்தார். மழை முகத்தில் அடித்தது. டீசல் தன் மோட்டார் படகைத் திருப்பிக்கொண்டு வந்தார், ஒரு பக்கம் நாங்கள், இன்னொரு பக்கம் அந்தப் பெண்கள்.

"நம்பர் சொல்லுங்க," என்று கத்தினார்.

"ஒண்ணு," என்றார் டாக்டர். வாத்தியார் இருமலுக்கு நடுவில் "ரெண்டு" என்றார். நான் "மூணு" என்றேன். ஒரு நொடி பார்த்தேன். பிறகு "நாலு" என்றேன்.

டீசல் கையைக் காட்டிவிட்டு அந்தப் பெண்கள் பக்கம் போனார். அவர்களில் ஒருத்திக்கு மண்டையில் துடுப்பு அடித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் போகாவிட்டால் அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அவள் இப்போது நன்றாக இருக்கிறாளாம். இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

கொஞ்சம் கழித்து டாக்டர் என்னைப் பார்த்துக் கத்தினார். "உங்க தம்பி குரல் கேட்டுச்சே, ஆளைக் காணோம்?"

"இந்தப் பக்கம் பிடிச்சிட்டிருக்கான்," என்றேன்.

டாக்டர் உங்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார். கவிழ்ந்ததிலிருந்து கரைக்கு வந்தது வரை எதுவும் நினைவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நினைவில்லையோ, நினைக்கப் பிடிக்கவில்லையோ. எது எப்படியோ, நாலு என்று சொன்னதைப் பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று சொன்னதற்கு என்ன பழக்கத்தைச் சொல்வது? அந்த இடத்தில்தான் என் கதை எனக்கே இடிக்கிறது.

அந்தப் படகுகளின் அடிப்பாகம் மிகவும் மெல்லியது, மேடம். நகத்தால் சுண்டினால்கூடச் சத்தம் வரும். நான் இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் விரித்து வைத்திருந்தேன். டீசல் எண் கேட்பதற்கு முன்னாலேயே அடியிலிருந்து தட்டல் வந்தது. அவசரமான தட்டல் இல்லை. கதவுக்கு வெளியே நிற்கிற ஆள், உள்ளே அண்ணன் இருக்கிறான், எப்படியும் திறப்பான் என்று தட்டுவானே, அப்படி. அவன் தன் எண்ணைத் தானே சொல்லிக்கொண்டிருந்தான். முதல் தடவையாக. நான் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, அவனுக்காக நாலு என்றேன்.

அப்போது எனக்குக் கோபம் இல்லை. அதைச் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். இருந்திருந்தால் கத்தியிருப்பேன், முங்கிப் போய் அவனைப் பிடித்து இழுத்து வெளியே போட்டு நாலு அறை விட்டிருப்பேன். அலுப்பாக இருந்தது. கீழே போக வேண்டும், பட்டையைப் பிரிக்க வேண்டும், அவனைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும், கரையில் அவன் இருமி முடித்ததும் சிரித்துக்கொண்டே துண்டை என் தோளில் போடுவான், அடுத்த வருடப் போட்டி வரும். அத்தனையும் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தது. தட்டல் நின்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிம்மதி என்பதுதான் சரியான வார்த்தை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தேன். தூங்கவும் செய்தேன். என் மனைவிதான் கூடத்தில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த சீசனோடு சரி என்று நான் சொன்னதை அவள் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தவில்லை. அம்மா தினமும் போன் பண்ணுகிறாள். நான் ஹலோ என்பேன். "இன்னொரு தடவை சொல்லுப்பா" என்பாள். சொல்வேன். அது யாருக்கான ஹலோ என்று நான் கேட்பதில்லை.

டீசலுக்காக வந்தேன் என்று ஆரம்பத்தில் சொன்னேன். அவருக்காகவும்தான். ஆனால் அவரை நீங்கள் முதல் தடவை கூப்பிட்டபோது நான் வரவில்லையே. போன வாரம் கிளப்பில் கூட்டம் போட்டார்கள். அடுத்த கோடைப் போட்டியைத் தம்பியின் பெயரில் நடத்துவது, அவன் படத்தோடு ஒரு கோப்பை கொடுப்பது, வருடா வருடம் நடத்துவது என்று முடிவு செய்தார்கள். பொறுப்பு யாருக்கு என்று ஒருவர் கேட்டார். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? அண்ணன் பாத்துக்குவார்," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்து, வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனேன். இன்றைக்கு உள்ளே வந்துவிட்டேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஜெயிலில் தினமும் ஆள் எண்ணுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அங்கே அவரவர் எண்ணை அவரவர் சொன்னால் போதும்தானே, மேடம்?