மாலை போட ஒரு போட்டோ

"ஹலோ... ஹலோ... கேக்குது, கேக்குது, கத்தாத... மேஸ்திரி பக்கத்துல நிக்கறாரா?... கொஞ்சம் வெளிய போகச் சொல்லு... போயிட்டாரா? சரி. இப்ப சொல்லு, நான் சொன்னதுல உனக்கு என்னா புரியல?... போட்டோம்மா. உன்னோடதுதான்... ஆமா, ஆமா, நீ உசுரோடதான் இருக்க, நான் இல்லன்னா சொன்னேன்? எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். திங்கக்கெழம வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்குத் தெரியாதில்ல?"

பஞ்சநாதன் நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். கடலோரச் சேவைக் கழகத்தின் செயலாளர் அவர். பேசிக்கொண்டிருந்த இடம் கழகம் நடத்தும் பிள்ளைகள் இல்லத்தின் ஆபீஸ் அறை. எதிர்முனையில் மலர்கொடி. மழைக்குக் கரைந்த வரப்பைக் கட்டிக்கொண்டிருந்தவளை மேஸ்திரி சாலமன் கூப்பிட்டுவந்திருந்தார். உப்பளத்துக் கொட்டகையில் சேறு காயாத காலோடு நின்றுகொண்டிருப்பாள்.

போன வருஷம் அலை வந்த அன்று அவளுடைய மகள் பிரியதர்ஷினியைச் சவுக்குத் தோப்பிலிருந்து தூக்கிவந்தவர் பஞ்சநாதன்தான். அப்பா தனகோடியின் உடம்பு மறுநாள் கிடைத்தது. அம்மாவைக் காணோம். ரெண்டு பேரும் போய்விட்டார்கள் என்று கழகத்துப் பட்டியலில் எழுதினார்கள். மலர்கொடியோ பேர் சொல்ல நினைவில்லாமல் பாண்டி ஆஸ்பத்திரியில் கிடந்து, இருபத்திரண்டாம் நாள் நடந்துவந்தாள். அதற்குள் பட்டியல், பணம் தரும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடல் தாண்டிப் போயிருந்தது. தாய் தகப்பன் இரண்டும் இல்லாத பிள்ளைக்குத்தான் இல்லத்தில் இடம். பஞ்சநாதன் ஒரு ராத்திரி யோசித்து வழி கண்டுபிடித்தார். மலர்கொடி தனக்குத் தானே தங்கச்சியானாள். மகளுக்குச் சித்தியானாள்.

"அவங்க என்னா கேக்கறாங்கன்னா, ஒவ்வொரு புள்ளையும் அதோட அப்பா அம்மா படத்துக்கு மாலை போட்டு வெளக்கு ஏத்தணும். வருஷ நெனவு நாளாச்சே... ஆமா, வீடியோ எடுப்பாங்க... தனகோடி படம் வந்துடுச்சு. சங்கத்துக் கார்டுலேர்ந்து பெருசு பண்ணிட்டோம், ஜோரா இருக்கறான். பக்கத்துல உன் சட்டம்தான் மொட்டையா நிக்குது... எல்லாம் அலையில போயிடுச்சு, தெரியும்... ரேஷன் கார்டா? ஐய, வேணாம்மா. அதுல எல்லாரும் போலீஸ் புடிச்சாந்த மாதிரி இருப்பாங்க. மத்தியானம் பஜாருக்குப் போய் ஸ்டூடியோல உக்காரு. கழகத்துக் கணக்குன்னு சொல்லு, போதும்... வேலையா? மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன், அரை நாள் லீவு உனக்கு. செத்தவங்களுக்கு லீவு வாங்கிக் குடுத்த மொத ஆளு நான்தான்!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"சரி விடு, சும்மா சொன்னேன்... அப்புறம், பொட்டு வெச்சுக்கோ. தலையில பூவும்... ஏன்னா? ரெண்டு பேரும் ஒரே அலையிலதான போனீங்க? அப்ப நீ சுமங்கலிதான? வெறும் நெத்தியோட படத்த மாட்டினா, புருஷன் போன பின்னாடியும் இந்தப் பொம்பள இருந்துச்சான்னு கேள்வி வரும்... ஒரு வருஷமா வெக்கலன்னா என்னா? போட்டோவுக்குத்தான? எடுத்ததும் தொடச்சுடு... யாரு பாக்கறாங்க? அங்கயே வெச்சு அங்கயே தொடச்சுடு... அழாத. ஏம்மா, அழுத மூஞ்சியோட போய் உக்காராத, கண்ணு வீங்கித் தெரியும்."

அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு வாசலில் நின்ற இல்லத்துப் பணிப்பெண்ணுக்குக் குரல் கொடுத்தார். "ஜெயா! சாமியானா வேப்ப மரத்துக்கு இந்தாண்ட போடச் சொல்லு. வெள்ளக்காரங்க தலையில எலை கொட்டப் போவுது." பொத்திய கையை எடுத்தார்.

"ஆங்... இன்னொரு விஷயம். மாசா மாசம் மொத ஞாயித்துக்கெழம புள்ளையப் பாக்க வர்றியே, அது இனிமே வேணாம்... படத்த ஹால்ல மாட்டிடுவோம்ல? வர்றவன் அதப் பாப்பான், உன்னப் பாப்பான். சித்தின்னா இவ்ளோ ஜாடையான்னு ஒருத்தன் கேட்டாப் போதும், முடிஞ்சுது. ஆரோவில்லேர்ந்து ஒரு வெள்ளக்காரம்மா வேற வருது, நம்மள விட நல்லாத் தமிழ் பேசுது, ஒண்ணு விடாம துருவும்... எவ்ளோ நாளைக்கா? படம் மாட்டியிருக்கற வரைக்கும்... என்னா சொன்ன?"

அவர் முதுகு நிமிர்ந்தது.

"கூட்டிட்டுப் போயிடுவியா? கூட்டிட்டுப் போ. இன்னிக்கே வா. எங்க வெப்ப, தகர ஷெட்டுலயா? விடியறதுக்கு முன்ன நீ உப்பளத்துக்குப் போனா அது என்னா பண்ணும்? உன் பின்னாடி வந்து சேறு மிதிக்குமா?... இல்ல, நீ பேசு, கேக்கறேன்... என் அக்கா செத்துட்டா, நான் தங்கச்சின்னு எங்க முன்னாடி கைநாட்டு வெச்சது யாரு? நானா? அந்தப் பேப்பர ஸ்டேஷன்ல குடுக்கட்டுமா?... ஆங். அதான். அப்படி வா வழிக்கு."

அதட்டுவது பஞ்சநாதனுக்குப் பிடித்தமான வேலை இல்லை. மூன்று மாதம் கடற்கரையில் நின்று கஞ்சி ஊற்றியவர் அவர். எத்தனையோ பேர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். இவளும் கும்பிட்டவள்தான். குரலை இறக்கினார்.

"சரி, சரி... கோவத்துல சொல்லிட்டேன். அது நல்லா இருக்கணும்னுதான நாம எல்லாம் பண்றோம்?... ஆமா, சாப்புடுது, தெனம் முட்டை... ஆமா, ஆமா, கிளாஸ்ல ரெண்டாவது. இங்கிலீஷ்ல பாட்டெல்லாம் பாடுது. விவரமான பொண்ணும்மா, இன்னி வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கல. நேத்து ஒத்திகை பாத்தோம். காலிச் சட்டத்துக்கு முன்னாடி நிக்க வெச்சு வெளக்கு ஏத்தச் சொன்னோம். ஏத்திட்டுத் தேம்பித் தேம்பி அழுவுது! ஜெயாவே அசந்துட்டா. நெஜமாவே நீ செத்துட்ட மாதிரி இருந்துச்சுன்னு சொல்றா... ஹலோ?... ஹலோ, இருக்கியா?"

அவர் பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டு காத்திருந்தார்.

"இருக்க. சரி. மத்தியானம் போறல்ல?... வாயத் தொறந்து சொல்லு... ஆங். பொட்டு?... ஆமா. ஞாயித்துக்கெழம?... ஆமா, வரக் கூடாது. அவ்ளோதான். சொன்னா கேட்டுக்கற, அதான் உன்கிட்ட எனக்குப் புடிச்சது. வெக்கட்டுமா?... இன்னும் என்னா?... சொல்லு, சீக்கிரம்."

அவள் பேசினாள். இந்த அழைப்பு முழுக்க அவள் இவ்வளவு நேரம் விடாமல் பேசியதில்லை. பஞ்சநாதன் பேனாவைக் கீழே வைத்தார்.

"வெளக்கா?... மெதுவா, மெதுவா சொல்லு... மாலை போடலாம், சரி... வெளக்கு மட்டும் வேற யாராவது ஏத்தணுமா?... அது கையால வேணாமா?... ஏம்மா, அம்மா படத்துக்குப் பெத்த பொண்ணு ஏத்தாம வேற யாரு..."

எதிர்முனை அதையே திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே யாரோ பேனரைத் தப்பாகக் கட்டிவிட்டதாகக் கூச்சல் கிளம்பியது. அவர் சட்டென்று எழுந்தார்.

"இரு, லைன்லயே இரு... வந்து சொல்றேன்."

ரிசீவரை மேசை மேல், அடுக்கியிருந்த சட்டங்களுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். "யோவ், தலைவர் பேரு மேல வரணும்யா! அவுத்துடு, அவுத்துடு, மொத்தத்தையும் அவுத்துடு!" கட்டி முடிக்கிற வரைக்கும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். பிறகு மைக் செட்டுக்காரர் வந்தார். பிறகு நாற்காலி வண்டி வந்தது.

ஜெயா துணியோடு உள்ளே வந்து சட்டங்களின் கண்ணாடியை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். வெளியே ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்ததில் அவளுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. ரிசீவர் கிடப்பதைப் பார்த்தாள். செயலாளர் வைக்க மறந்துவிட்டார் என்று எண்ணி, அதையும் ஒரு துடை துடைத்து, எடுத்து வைத்தாள்.