எர்த் கம்பி

உச்சி வேளை. தென்னேரி ஏரிக்கரை மேல் போகிற ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஆள் இல்லை… நாய்கூட இல்லை.

சிரிக்காதே கந்தா. பேய் என்றால் ராத்திரிதான் வரணுமா? இது மத்தியானம் வந்தது. அதனால்தான் ராத்திரியில் சொல்கிறேன். பகலில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எப்படியும் கெட்டுப்போன ஏ.சி. மறுபடி ஓடுகிற வரைக்கும் இந்த லேபர் கேம்ப் மொட்டை மாடியில்தான் கிடக்க வேண்டும். கிட்டே வந்து உட்காருங்கள்.

எனக்கு ஏனாத்தூரில் கிறிஸ்டோபர் என்று ஒரு சிநேகிதன். அவனுடைய மாமா முனிரத்தினம். மைக் செட் வைத்திருக்கிறார். காஞ்சிபுரத்தில் கோயில் திருவிழா, பட்டுக் கடை திறப்பு, காதுகுத்து, எழவு… பாதிக்கு மேல் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். அன்றைக்கு அந்த ரோட்டில் டி.வி.எஸ். வண்டியில் போனவர் அவர்தான். முன்னால் ஆம்ப்ளிஃபயர். பின்னால் கயிறு போட்டுக் கட்டிய குழாய்கள். மடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவரே செய்தது. மேலே ரெண்டு திருகு. ஒன்று பேஸ், கனத்த சத்தத்துக்கு. ஒன்று ட்ரெபிள், கூர்மையான சத்தத்துக்கு. திறந்து பார்த்தால் கொஞ்சம் ரெசிஸ்டர், கொஞ்சம் கண்டென்சர், அவ்வளவுதான். அதற்குக் கரண்டே வேண்டாம். மிக்ஸருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

"இது எதையும் சேக்காதுபா," என்று கிறிஸ்டோபரிடம் சொல்வாராம். "பேஸ ஏத்தறேன்னு நீ நெனச்சுக்கினு இருப்ப. ஏத்தல. மத்தத கொறச்சிருப்பேன். இதுக்கு எடுக்கத்தான் தெரியும். குடுக்கத் தெரியாது."

"எடுத்தது எங்க மாமா போவும்?"

"எர்த்துக்கு. மண்ணுல எறங்கிடும்."

எங்கே போனாலும் அவருடைய முதல் வேலை, ஈர மண்ணாகப் பார்த்து ஒரு இரும்புக் கம்பி அடிப்பது. ஒரு கை உப்பு போட்டு, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, எர்த் ஒயரை அதில் சுற்றுவார். அது இல்லையென்றால் குழாயில் ங்ங்ங்… என்று இரைந்துகொண்டே இருக்கும்.

அன்றைக்கு எழவு, தென்னேரியில் கைலாசம் வீட்டில். லாரி வைத்திருந்தவர். செத்தது அவர்தான். வாசல் பந்தலில் கண்ணாடிப் பெட்டி. ஊதுவத்திப் புகை, பன்னீர் வாசனை. வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் மண் சொதசொதவென்று இருந்தது. அங்கேதான் கம்பியை அடித்தார். ஆம்ப்ளிஃபயரையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அங்கிருந்து பந்தல் தெரியாது. குழாயில் வருவதுதான் காதில் விழும்.

பெட்டி பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி பாடியது கைலாசத்தின் தங்கச்சி அம்சா. புருஷன் இல்லாதவள். மகளோடு வாலாஜாபாத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். நல்ல கணீர்க் குரல். கொஞ்ச நேரம் அண்ணன் பெருமை பாடினாள். அப்புறம் ராகம் மாறாமல் விஷயம் மாறியது…

*ஏரிப் பக்கம் எனக்கொரு மனை காட்டுன அண்ணாவே…*
*காட்டுன கை படுத்திருக்க, கல்லு நட்ட கை நிக்குதே…*

கல்லு நட்டது கைலாசத்தின் மகன் அருள். அத்தைக்கு அப்பா வாயால் கொடுத்த மனையைச் சுற்றிக் கல் நட்டு, கம்பி வேலி போட்டவன். ஊருக்கே தெரியும். ஆனால் யாரும் வாய் திறந்ததில்லை. இப்போது ரெண்டு குழாயில் ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிறது.

பிளாஸ்டிக் சேரில் இருந்த ஒரு பெரியவர், "டேய் அருளு, பஞ்சாயத்த உன் அத்த மைக்குலயே வச்சிட்டா போலக்குதே," என்றார். நாலு பேர் துண்டை வாயில் வைத்துச் சிரித்தார்கள்.

அருள் பின்பக்கம் வந்தான். முகம் சிவந்திருந்தது.

"ணா, அத்தைய கொஞ்சம் கொறைங்க."

"சவுண்ட கொறச்சா தெரிஞ்சிடும்பா. எழவு வூட்ல பொம்பளைய பாடவிடலன்னு பேசுவாங்க."

"அதுக்கின்னு என் மானம் போவணுமா? எதனா பண்ணுங்க ணா."

முனிரத்தினம் டப்பாவைப் பார்த்தார். அவருக்கு அருள் மேல் பாசமும் இல்லை, அம்சா மேல் கோபமும் இல்லை. தனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டுகிற ஆசை. அவ்வளவுதான்.

"அழுகை இருக்கும். வார்த்தை இருக்காது. பரவாயில்லியா?" என்று கேட்டு, ட்ரெபிள் திருகை இடது பக்கம் முழுசாகத் திருப்பினார்.

பக்கத்து வீட்டில் தறி ஓடினால் சுவர் வழியாக மொத்தையாக ஒரு சத்தம் வருமே… அந்த மாதிரி ஆகிவிட்டது. ச போனது, ட போனது, க போனது. பானைக்குள் தலையை விட்டு அழுகிற மாதிரி ஆ… ஓ… ஊ… மட்டும். சத்தம் குறையவே இல்லை. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

அருள் சிரித்துவிட்டான். "செம ணா! எங்க போச்சு எல்லாம்?"

"மண்ணுக்கு," என்று முனிரத்தினமும் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில், பொணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு எல்லோரும் ஏரிக்குப் போனார்கள். பறை முன்னால் போனது. பொம்பளைகளும் போனார்கள். பெட்டி பக்கத்தில் அம்சா மட்டும். தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

நடுவில் ராகம் அறுந்தது. குழாயில் வேறு மாதிரி வந்தது…

எ… உ… அ… ஐ… உ… உ…

திரும்பத் திரும்ப அதுவே. முனிரத்தினம் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினார். திருகின் மேல் கை போனது. அருள் என்ன சொல்வானோ என்று கையை எடுத்துவிட்டார். ஏரிக்கரையில் குடத்தோடு நின்றவர்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். "பாவம், அண்ணன் மேல எவ்ளோ பாசம் பாரு," என்றார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் அம்சா கண்ணாடிப் பெட்டி மேல் சாய்ந்திருந்தாள். மைக் மடியில். கண் திறந்திருந்தது. வாசலில் அருளின் கார் சும்மாதான் நின்றுகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி பக்கம்தான்.

"புண்ணியவதி," என்றார்கள். "பாடிக்கினே அண்ணன் கூடப் போயிட்டா."

முனிரத்தினம் ட்ரெபிளை மறுபடி வலது பக்கம் திருப்பி வைத்தார். யாரும் பார்க்காதபோது.

ரெண்டு பேருக்கும் சேர்த்தே கருமாதி. அதே வீடு. மைக் செட்டும் அவரேதான். வர மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே… அதனால் போனார். அதே உச்சி வேளை. அதே இடத்தில் கம்பியை வைத்து அடித்தார். பழைய ஓட்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒயர் சுற்றவில்லை. ஆம்ப்ளிஃபயர் வண்டியிலேயே இருக்கிறது. உப்பு போட்டார், தண்ணீர் ஊற்றினார்.

மண் அந்தத் தண்ணீரைக் குடித்தது. மடக் மடக்கென்று… தொண்டையில் இறங்குகிற சத்தம்.

ஊதுவத்தி ஏற்றவே இல்லை, பன்னீர் வாசனை வந்தது. கம்பியில் இருந்த கையில் ஏதோ துடித்தது. குனிந்து காதை வைத்தார்.

ச்… ட்… க்… த்…

குரல் இல்லை. மூச்சு இல்லை. வெறும் நாக்கும் பல்லும். ச்… ட்… க்… த்…

அந்தக் குழாய்ச் சத்தம் அவர் காதை விட்டுப் போகவே இல்லையே… எ, உ, அ, ஐ, உ, உ. அதன் மேல் இது போய் உட்கார்ந்தது. அவர் உட்கார வைக்கவில்லை. தானாக உட்கார்ந்தது.

*நெஞ்சு அடைக்குது.*

அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் பின்னால் கொலுசுச் சத்தம். அம்சாவின் மகள் பிரவீனா.

"ணா, உங்கள ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி நீங்க மட்டும்தானே இங்க இருந்தீங்க? எங்கம்மா கடைசியா என்னா பாடினாங்க? கஷ்டப்பட்டாங்களா ணா?"

கம்பி அவர் கைக்குள் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"இல்லம்மா," என்றார். "அண்ணனையே நெனச்சுக்கினு பாடினாங்க. அப்பிடியே போயிட்டாங்க."

"போதும் ணா." அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். அவரைப் பார்த்து.

அன்றைக்குச் சாயந்திரமே கிறிஸ்டோபரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறார். "போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு மாமா," என்றான் இவன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கினு சொல்லுவேன்? கும்பிட்டுச்சுபா என்னை."

நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளினார்.

ஒரு நாள் காலையில் பொண்டாட்டியிடம், "ஓறு போடு," என்றார். அவள் சிரித்தாள். "என்னாது? பல்லு எதனா வலிக்குதா?"

முதலில் ச போனது. அப்புறம் ட. அப்புறம் க. டாக்டர் நாக்கைப் பிடித்துப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார்.

பயந்துபோய்க் கிறிஸ்டோபரையும் கூட்டிக்கொண்டு வாலாஜாபாத்துக்கு ஓடினார். பிரவீனா கதவைத் திறந்தாள். அவள் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ட்ரெபிளைத் திருப்பினதை, அவள் அம்மா உதவி கேட்டதை, தான் பொய் சொன்னதை… ஒன்று விடாமல். ஆ… ஓ… ஊ… என்று.

"அழாதீங்க ணா," என்றாள் அவள். "எங்கம்மாவுக்காக இவ்ளோ அழுவுறது நீங்க ஒருத்தர்தான்." உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். "நெஞ்ச அடச்சிடப் போவுது. குடிங்க."

அவர் அதை வாங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். அந்தக் கம்பி அவர் வீட்டு மூலையில் சாத்தியிருந்தது. வெயில் அப்படி அடிக்கிறது, அதில் ஒட்டின மண் மட்டும் காயவே இல்லை. கிறிஸ்டோபர் போய்க் காதை வைத்திருக்கிறான். ச்… ட்… க்… த்… அதுக்குப் பக்கத்திலேயே இன்னொரு நாக்கு. ஆம்பிளை நாக்கு. வேகமாக, மூச்சு விடாமல், என்னவோ சொல்லிக்கொண்டே இருந்ததாம்.

என்ன கந்தா?… ஆமாம். நீ கேட்பது சரிதான். மாமாவுக்குத்தான் வாய் இல்லை, கிறிஸ்டோபர் சொல்லியிருக்கலாம். பிரவீனாவுக்கு முன்னால்தானே நின்றான்? நானும் அதைத்தான் கேட்டேன். குடும்ப மானம் என்றான். அவள் நிம்மதியாக இருக்கிறாள், எதற்குக் கெடுக்கணும் என்றான்.

நேற்று ஃபோன் பண்ணினேன். லைன் சுத்தமாகத்தான் இருந்தது. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது, யாரோ டீ ஆற்றுகிற சத்தம்கூடக் கேட்டது. அந்தப் பொண்ணுகிட்டப் பேசினியாடா என்றேன்.

ஒரு வாய் டீயை உறிஞ்சினான்.

"நாளைக்குக் கண்டிப்பா ஒல்லிடறேன்டா," என்றான்.