முப்பது நாளுக்குப் பிரித்த பௌர்ணமி

வேங்கிக்கால் போகும் காலை பஸ்ஸில், முன் சீட்டு இளைஞன் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னான்: "நேத்து நான் ஓட்டிப் பார்த்தப்போ அடி அண்ணாமலை மொத்தமும் இருட்டாயிடுச்சுக்கா."

என் வீடு அங்கேதான். மாவீரனான நான் உடனே கம்பியைக் கட்டிக்கொண்டேன்.

இருட்டானது கம்ப்யூட்டருக்குள் என்பது பிறகுதான் புரிந்தது. ஓர் ஊருக்கு எவ்வளவு சோலார் தகடு, பேட்டரி, வெந்நீர்க் கருவி வேண்டும் என்று கணக்குப் போடும் மென்பொருளை இருவரும் எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்திருக்கிறார்கள்.

"ஏன்டா அப்படி ஆச்சு?"

"பௌர்ணமிக் கூட்டத்தை முப்பது நாளுக்கும் சமமா பிரிச்சுப் போட்டுட்டேன். பேட்டரி கம்மியா காட்டிடுச்சு, பௌர்ணமி ராத்திரிக்குத் தாங்கல."

"கிரிவலத்துக்கு தினம் கொஞ்சம் கொஞ்சமாவா வருவாங்க? திருத்துனியா?"

"திருத்திட்டேன். ஆனா அதுக்கு முன்னாடியே பழசை யாரோ எடுத்துட்டாங்க. நன்றி சொல்லி எழுதியிருக்காங்க."

"எதுக்கு நன்றி?"

"அவங்க ஊர் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் கோயில் தெருவுக்கும் சேர்த்து, அதை வச்சுதான் பேட்டரி வாங்கினாங்களாம்."

அக்காவின் குரல் இறங்கியது. "எந்த ஊரு?"

"போடலக்கா. பேரும் இல்ல."

"அங்க தேர்த் திருவிழா எப்போ? அன்னைக்குக் கூட்டம் வந்தா ஆஸ்பத்திரியும் இருட்டாயிடுமே."

"தெரியலக்கா."

எனக்கொன்றும் பிரசவமாகப் போவதில்லை. ஆனாலும் மறுபடி கம்பியைக் கட்டிக்கொண்டேன்.

"அவங்க எழுதின இடத்துலயே பதில் போடு. முதல் வரியிலயே, தப்பு நம்மளதுனு போடு."

போனிலேயே போட்டான். கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப் வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. அங்கே இறங்க வேண்டிய நானும்தான்.

"பார்த்துட்டாங்களா?"

"இன்னும் இல்லக்கா."

கண்டக்டர் விசில் கொடுத்தார்.